வானத்தைப் படித்த கப்பல்காரர் மகன்
ஓவியர் யூஜின் பூதேன் வாழ்க்கை வரலாறு



தலைவர்கள், விஞ்ஞானிகள், புலவர்கள் ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகளை நீங்கள் பள்ளிப் புத்தகத்தில் நிறையப் படித்திருப்பீர்கள். ஓவியர்களின் வரலாற்றை நாம் அவ்வளவாகப் படிப்பதில்லை. படம் போடுவதும் ஒரு வேலையா, அதனால் அடுப்பு எரியுமா என்று கேட்டே பழகிவிட்டோம். அது தப்பான கேள்வி அல்ல. உழைத்துச் சாப்பிடுகிற எந்தக் குடும்பமும் கேட்கவேண்டிய கேள்விதான். இந்தக் கட்டுரையில் வரும் மனிதரும் அந்தக் கேள்வியோடுதான் 30 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அவர் பெயர் யூஜின் பூதேன். பிரான்ஸ் நாட்டுக்காரர். துறைமுகங்களையும் கடற்கரைகளையும் வானத்தையும் தைல வண்ணத்தில் தீட்டியவர். பெரிய பள்ளிக்கூடம் எதிலும் முறையாகப் படித்துத் தேறியவர் அல்லர். தன் கண்ணையும் கையையும் நம்பித் தானே கற்றுக்கொண்டவர். அவர் கற்றதை இன்னொரு சிறுவனுக்கும் கற்றுக்கொடுத்தார். அந்தச் சிறுவனால் உலக ஓவியத்தின் போக்கே மாறியது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறோம்.

ஆற்று முகத்தில் பிறந்த பிள்ளை

பிரான்ஸ் நாட்டின் வடக்கே நார்மண்டி என்னும் பகுதி இருக்கிறது. பாரிஸ் பட்டணத்தின் வழியாக ஓடிவரும் சேன் நதி அங்கேதான் கடலில் கலக்கிறது. நதி கலக்கும் இடத்தில் ஒரு கரையில் ஓன்ஃபிளேர் என்ற சிறிய பழைய துறைமுகம். மறு கரையில் லெ ஹாவ்ர் என்ற பெரிய துறைமுகம். பூதேன் 1824-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள் ஓன்ஃபிளேரில் பிறந்தார். தகப்பனார் கப்பல் தொழிலாளி. சொத்து பத்து ஒன்றும் கிடையாது. கடல்தான் சோறு போட்டது.

பையனுக்கு ஏறக்குறைய 10 வயது ஆனபோதே வேலைக்குப் போகவேண்டியதாயிற்று. ஓன்ஃபிளேருக்கும் லெ ஹாவ்ருக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பலில் எடுபிடிப் பையன் வேலை. நம்ம பினாங்குக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே பெரி ஓடுகிறதே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிறு இழுப்பது, தளம் கழுவுவது, கூப்பிட்ட குரலுக்கு ஓடுவது, இதுதான் அவனுடைய பாலர் வகுப்பு. ஆனால் அந்த வேலையில் ஒரு லாபம் இருந்தது. காலையில் ஒரு வானம், மத்தியானம் ஒரு வானம், சாயங்காலம் ஒரு வானம் என்று நாள் முழுக்க அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். மழை வருமா, காற்றுத் திரும்புமா என்று மேகத்தைப் பார்த்துச் சொல்லுவது கப்பல்காரர்களுக்குப் பிழைப்பு. அந்தப் பழக்கம் பையனோடு ஒட்டிக்கொண்டது. கடைசி வரைக்கும் போகவில்லை.

கடைப் பையன்

1835-இல் குடும்பம் லெ ஹாவ்ருக்குக் குடிபெயர்ந்தது. பூதேன் பள்ளிக்கூடத்தில் இருந்தது கொஞ்ச காலமே. 12 வயதுவாக்கில் ஓர் அச்சுக்கூடத்திலும், பிறகு காகிதம், பேனா, மை விற்கும் ஒரு கடையிலும் சிப்பந்தியாகச் சேர்ந்தார். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் கையில் கிடைத்த துண்டுக் காகிதத்தில் படம் போட்டார். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

சேர்த்துவைத்த காசைக் கொண்டு 1844-இல், 20 வயதில், ஒரு கூட்டாளியோடு சேர்ந்து சொந்தமாகக் கடை வைத்தார். எழுதுபொருள் விற்பார்கள், படங்களுக்கு மரச்சட்டம் அடித்துக் கொடுப்பார்கள். கோடைக்காலத்தில் கடற்கரைக்கு வரும் ஓவியர்கள் சட்டம் அடிக்கவும் சாமான் வாங்கவும் அந்தக் கடைக்கு வந்தார்கள். அவர்களுடைய படங்களை பூதேன் கடை ஜன்னலில் வைத்து விற்றுக்கொடுத்தார். துருவாயோன், மில்லே போன்றவர்கள் வந்துபோனார்கள். மில்லே பின்னாளில் வயலில் குனிந்து வேலை செய்யும் பெண்களைத் தீட்டிப் பெரும் புகழ் பெற்றவர். அவரும் நார்மண்டி விவசாயக் குடும்பத்துப் பிள்ளைதான். அந்த நாளில் அவருக்கே கை நிறையக் கஷ்டம்.

கடைக்காரப் பையனும் ரகசியமாகப் படம் போடுகிறான் என்று அவர்களுக்குத் தெரிந்தது. பார்த்தார்கள், குறை சொன்னார்கள், திருத்தினார்கள், தட்டியும் கொடுத்தார்கள். பூதேன் தீர்மானம் செய்துவிட்டார். 1846-இல் கடையை விட்டு விலகினார். கடையில் தனக்கிருந்த பங்கை விற்று, அந்தக் காலத்துச் சட்டப்படி தமக்குப் பதிலாகப் பட்டாளத்துக்கு வேறொருவரை அனுப்ப ஏற்பாடு செய்தார். கையில் மிஞ்சியது தூரிகை ஒன்றுதான்.

பெற்றோர்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கடை நடக்கிறது, மாதம் தவறாமல் வருமானம் வருகிறது. அதை உதறிவிட்டுப் பிள்ளை படம் போடப் போகிறேன் என்றால் நாம் என்ன செய்வோம்? அந்தக் கப்பல்காரர் வீட்டிலும் அதே கவலைதான் இருந்திருக்கும்.

நகரம் கொடுத்த உபகாரச் சம்பளம்

1851-இல் லெ ஹாவ்ர் நகரசபை ஒரு நல்ல காரியம் செய்தது. இந்த ஏழை வாலிபன் பாரிஸ் பட்டணத்தில் ஓவியம் படிக்கட்டும் என்று ஆண்டுக்கு 1,200 பிராங்க் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு உபகாரச் சம்பளம் கொடுத்தது. பூதேன் பாரிஸ் போனார். லூவ்ர் காட்சிசாலையில் இருந்த பழைய பெரிய ஓவியர்களின் படங்களைப் பார்த்துப் பார்த்து நகல் எழுதினார். ஹாலந்து நாட்டு ஓவியர்கள் 200 ஆண்டுகளுக்கு முன்னே தீட்டிய மேகங்களும் சமவெளிகளும் அவரைக் கவர்ந்தன.

ஆனால் நகரசபை எதிர்பார்த்தது வேறு. பெரிய பெரிய சரித்திரக் காட்சிகளைத் தீட்டும் ஓவியராகத் திரும்பி வருவார், ஊருக்குப் பெயர் வாங்கித் தருவார் என்று அவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். மூன்று ஆண்டு முடிந்து பூதேன் திரும்பி வந்தபோது அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவர் மறுபடியும் படகுத்துறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டு மேகத்தை வரைய ஆரம்பித்தார். கொடுத்த பணம் வீண் என்று நினைத்தவர்கள் உண்டு.

பால்மரக் கன்றை நட்ட மறு வருஷமே யாரும் உளியும் கோப்பையுமாக அதன் பக்கம் போவதில்லை. ஐந்து ஆறு வருஷம் காத்திருந்தால்தான் பால். சில கன்றுகளுக்கு இன்னும் அதிகம் பொறுக்கவேண்டும். அந்த 1,200 பிராங்க் என்ன பலன் கொடுத்தது என்பதைக் கட்டுரையின் கடைசியில் பார்ப்போம்.

காற்றையும் நேரத்தையும் குறித்து வைத்தவர்

அந்தக் காலத்தில் கடல் படம் என்றால் புயல், கப்பற்போர், மூழ்கும் கப்பல் என்று பயங்கரமாக இருக்கவேண்டும். அதையும் ஓவியர்கள் வீட்டுக்குள்ளே உட்கார்ந்துதான் தீட்டினார்கள். வெளியே போனால் பென்சிலால் குறிப்பு எடுத்துக்கொண்டு வருவார்கள். வண்ணம் பூசுவது அறைக்குள். அதற்கு ஒரு காரணமும் உண்டு. எண்ணெயில் குழைத்த வண்ணத்தைப் பன்றியின் நீர்ப்பையில் கட்டி வைப்பார்கள். அதைத் தூக்கிக்கொண்டு திரிவது பெரும்பாடு. குத்தித் திறந்துவிட்டால் சீக்கிரம் காய்ந்துபோகும். 1841-இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர், மூடி போட்ட தகரக் குழாயில் வண்ணத்தை அடைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். இன்று பற்பசை வருகிறதே, அதே மாதிரிக் குழாய்தான். அதன் பிறகு வண்ணப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓவியர்கள் வெட்டவெளிக்குப் போக முடிந்தது.

அப்படிப் போனவர்களில் பூதேன் முக்கியமானவர். கண்ணால் பார்த்த இடத்திலேயே தீட்டும் படத்தில் ஓர் உயிரும் வேகமும் இருக்கின்றன, அறைக்குள் வந்த பிறகு அவை போய்விடுகின்றன என்பது அவருடைய அனுபவம். ஆகவே காற்றிலும் குளிரிலும் துறைமுகக் கல்மேடையில் நின்றுகொண்டே வேலை செய்தார். மேகம் நமக்காக நிற்குமா? அரைமணி நேரத்தில் வானம் மாறிவிடும். அதனால் வண்ணச் சுண்ணக்கட்டிகளைக் கொண்டு சின்னச் சின்னக் காகிதங்களில் வானத்தை மட்டும் மளமளவென்று எழுதினார். ஒவ்வொரு காகிதத்திலும் தேதி, நேரம், எந்தத் திசையிலிருந்து காற்று வீசியது என்பதையெல்லாம் குறித்தும் வைத்தார். ஆசிரியர் இல்லாத மாணவனுக்கு அதுதான் நோட்டுப் புத்தகம்.

1859-இல் போதலேர் என்ற புகழ்பெற்ற பிரெஞ்சுக் கவிஞர் அந்தக் காகிதங்களைப் பார்க்க நேர்ந்தது. நூற்றுக்கணக்கில் இருந்தன. கவிஞர் அசந்துபோனார். கீழே எழுதியிருந்த குறிப்பைக் கையால் மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தாலே என்ன பருவம், என்ன நேரம், என்ன காற்று என்று கண்டுபிடித்துவிடலாம் என்ற கருத்துப்பட எழுதி, அவரைப் பத்திரிகை வாயிலாக உலகுக்கு அறிமுகம் செய்தார். அதே ஆண்டில் பாரிஸில் நடந்த சலோன் என்ற பெரிய கண்காட்சியில் பூதேனின் ஓவியம் முதன்முதலாக இடம்பெற்றது. அப்போது அவருக்கு வயது 34. கோரோ என்ற மூத்த ஓவியர், வானம் தீட்டுவதில் பூதேன் ஓர் அரசர் என்று பாராட்டியதாகவும் சொல்வார்கள்.

ஒரு துறைமுகப் படத்தைப் பார்ப்போம்

பூதேனின் துறைமுகப் படங்களை எப்படிப் பார்ப்பது என்று கொஞ்சம் தெரிந்துகொள்வோம். பெரும்பாலும் சின்னப் படங்கள்தாம். முதலில் கண்ணில் படுவது வானம். படத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கை, சில சமயம் அதற்கு மேலும், வானமே எடுத்துக்கொள்ளும். மீதி இடத்தில்தான் தண்ணீர், படகு, கப்பல், ஜனங்கள் எல்லாம்.

அந்த வானம் வெறும் நீலம் அல்ல. சாம்பல் நிறத்தில் எத்தனை வகை உண்டு என்று நாம் நினைத்தே பார்த்திருக்கமாட்டோம். முத்தின் பளபளப்பு உள்ள சாம்பல், மழைக்கு முந்திய கனத்த சாம்பல், சூரியன் பின்னால் நிற்கும் வெளுத்த சாம்பல் என்று அடுக்கடுக்காக வைத்திருப்பார். இடையிலே ஒரு துண்டு நீலம் எட்டிப்பார்க்கும். கீழே தண்ணீரில் அதே வானம் உடைந்து மிதக்கும். பாய்மரக் கப்பலின் கம்பங்கள் மேலே குத்திட்டு நிற்கும். பக்கத்திலே புதிதாக வந்த நீராவிக் கப்பலின் புகையும் தெரியும். பாய்மரக் காலம் போய் நீராவிக் காலம் வந்த நேரத்தில் வாழ்ந்தவர் அல்லவா? இரண்டையும் ஒரே படத்தில் பிடித்துவைத்தார்.

மனிதர்களைப் பாருங்கள். கிட்டே போய்ப் பார்த்தால் மூக்கும் கண்ணும் இருக்காது. தூரிகையால் தொட்டுவைத்த இரண்டு மூன்று பொட்டுகள்தாம். நாலடி தள்ளி நின்று பார்த்தால் மீன் கூடை தூக்கும் பெண், வலை இழுக்கும் ஆள், ஆற்றங்கரையில் துணி துவைக்கும் கூட்டம் என்று எல்லாம் எழுந்து நடக்கும். அந்தக் கடலில் ஏற்றவற்றம் 7, 8 மீட்டர் வரைக்கும் போகும். தண்ணீர் வற்றினால் படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கும். அந்தச் சேற்றையும் சாய்ந்த படகையும் அவர் அழகு என்று நினைத்துத் தீட்டினார்.

பணக்காரர்களும் அவர் படத்தில் உண்டு. 1860-களில் ரயில் வசதி வந்ததும் பாரிஸ் சீமான்களும் சீமாட்டிகளும் துரூவில், தோவில் என்ற கடற்கரை ஊர்களுக்கு உல்லாசமாக வர ஆரம்பித்தார்கள். பட்டுப் பாவாடையும் குடையுமாகக் கடல் மணலில் உட்கார்ந்திருக்கும் அவர்களை பூதேன் தீட்டினார். அந்தப் படங்கள் ஓரளவு விலை போயின. ஆனால் மனசுக்குள்ளே ஓர் உறுத்தல். அவர் மனைவி பிரித்தானி என்ற ஏழைப் பகுதியைச் சேர்ந்தவர். அங்கே போய் உழைக்கும் ஜனங்களோடு இருந்துவிட்டுத் திரும்பி வந்தால், உல்லாசக் கடற்கரைக் கூட்டம் வெறும் வேஷமாகத் தெரிகிறது என்று 1867-இல் ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார். பிற்காலத்தில் அவர் அதிகம் திரும்பிப் போனது துறைமுகத்துக்கும், மீன்காரர்களுக்கும், துணி துவைக்கும் பெண்களுக்கும்தான்.

கேலிப்படம் போட்ட சிறுவன்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். 1850-களின் பின்பகுதியில் லெ ஹாவ்ர் நகரில் ஒரு சட்டக் கடை ஜன்னலில் பூதேனின் கடல் படங்கள் தொங்கின. அதே ஜன்னலில் ஊர்ப் பெரிய மனிதர்களின் கேலிப்படங்களும் தொங்கின. பெரிய தலை, சின்ன உடம்பு, நீண்ட மூக்கு என்று சிரிக்கச் சிரிக்க வரைந்திருந்தது. வரைந்தவன் உள்ளூர்ப் பள்ளிச் சிறுவன். பெயர் கிளாட் மோனே. 1840-இல் பிறந்தவன், பூதேனைவிட 16 வயது இளையவன். ஜனங்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். பையன் ஜம்மென்று சம்பாதித்தான். கொஞ்சம் கர்வமும் இருந்தது. பக்கத்தில் தொங்கிய பூதேனின் படங்கள் அவனுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

பூதேன் என்ன செய்தார்? அந்தக் கேலிப்படங்களை மனம்விட்டுப் பாராட்டினார். அதோடு, இதிலேயே நின்றுவிடக் கூடாது, கடலையும் வானத்தையும் மரத்தையும் பார்த்து வரையப் பழகவேண்டும் என்று புத்தி சொன்னார். கூட வா என்று கூப்பிட்டார். பையன் சாக்குச் சொல்லித் தப்பித்தான். மறுபடியும் கூப்பிட்டார். மறுபடியும் தப்பித்தான். கடைசியில், சொல்லச் சாக்கு ஒன்றும் இல்லாமல், 1858 கோடையில் வண்ணப்பெட்டி வாங்கிக்கொண்டு கூடவே போனான். பக்கத்திலிருந்த ருவேல் என்ற கிராமத்தில் பூதேன் வெட்டவெளியில் நின்று தீட்டத் தொடங்கினார். சிறுவன் அலட்சியமாகத்தான் பார்க்க ஆரம்பித்தான். பார்க்கப் பார்க்க அலட்சியம் போயிற்று. இயற்கை என்றால் என்ன, ஓவியம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தனக்குக் கண் திறந்தது என்று மோனே பின்னாளில் சொன்னார்.

பூதேனிடம் அப்போது பணம் இல்லை, பட்டம் இல்லை, பதவி இல்லை. மாணவனைத் தேடிக்கொண்டு போய், அவன் மாட்டேன் என்றாலும் சலிக்காமல், பலமுறை கூப்பிட்டார். நல்ல ஆசிரியர்கள் அப்படித்தான். நம்ம தோட்டத்துப் பள்ளிகளிலும், வேலைக்கு நிறுத்தப்பட்ட பிள்ளையைத் தேடி லயத்துக்கே நடந்துபோய் வாத்தியார்கள் அழைத்துவந்த கதைகளைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

வறுமையும் யுத்தமும்

கவிஞர் பாராட்டினார், மூத்த ஓவியர் பாராட்டினார். பாராட்டை அரிசியாக மாற்ற முடியுமா? பூதேன் 1863-இல் கல்யாணம் செய்துகொண்டு பாரிஸில் குடித்தனம் நடத்தினார். குளிர்காலம் பாரிஸில், கோடைக்காலம் கடற்கரையில். படங்களைச் சொற்ப விலைக்கு விற்றார். 1861-இல், அவரைவிடப் பெயர் பெற்றிருந்த துருவாயோனிடம் கூலிக்கு வேலை செய்தார். மாடுகளை துருவாயோன் தீட்டுவார், வானத்தை பூதேன் தீட்டுவார், கையெழுத்து துருவாயோனுடையது. வானத்தின் அரசர் என்று பெயர் வாங்கியவருக்குத் தன் வானத்தில் தன் பெயர் போட வழியில்லை. இருந்தாலும் வேலையில் குறை வைத்ததாக யாரும் சொன்னதில்லை.

1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் யுத்தம் மூண்டது. பூதேன் பெல்ஜியத்துக்குப் போய்த் தங்கினார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. ஆண்ட்வெர்ப் துறைமுகத்துக்குப் போய் அங்கிருந்த கப்பல்களையும் வானத்தையும் தீட்டினார். பிறகு தெற்கே போர்தோ துறைமுகம், வடக்கே ஹாலந்துத் துறைமுகங்கள் என்று போன இடமெல்லாம் படகுத்துறைதான் அவர் பட்டறை.

1874

அந்த ஆண்டு ஏப்ரல் மாதம் பாரிஸில் ஒரு கண்காட்சி திறந்தார்கள். அரசாங்கக் கண்காட்சிக்குக் காத்திருக்காமல் 30 பேர் அளவில் சேர்ந்து தாங்களாகவே நடத்தியது. மோனே, ரெனுவார், தெகா, பிசாரோ, செசான் எல்லாரும் அதில் இருந்தார்கள். அந்த நாளில் அவர்களை மதிப்பார் இல்லை. 49 வயதான பூதேனும் அந்த இளைஞர்களோடு தம் படங்களை வைத்தார்.

மோனே அங்கே வைத்த படம் ஒன்று லெ ஹாவ்ர் துறைமுகத்தைப் பற்றியது. விடியற்காலை மூட்டத்தில் கப்பல்களின் நிழல், தண்ணீரில் இரண்டு சிறு படகுகள், செம்மஞ்சளாக ஒரு சூரியன். அதற்கு உதயத்தின் மனப்பதிவு என்ற பொருளில் பெயர் வைத்திருந்தார். ஒரு பத்திரிகைக்காரர் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு, இவர்கள் எல்லாரும் வெறும் மனப்பதிவுக்காரர்கள் என்று கேலி செய்து எழுதினார். கேலியாக வைத்த பெயரே நிலைத்துவிட்டது. இம்பிரஷனிசம் என்று உலகம் முழுவதும் போற்றப்படும் ஓவிய முறை அதுதான். ஒரு பொருளை ஆணி அடித்தாற்போல் எழுதாமல், அந்த நேரத்து வெளிச்சத்தில் கண்ணுக்கு எப்படித் தோன்றியதோ அப்படியே எழுதுவது.

யோசித்துப் பாருங்கள். அது எந்தத் துறைமுகம்? பூதேன் பையனாகக் கயிறு இழுத்து வந்து இறங்கிய துறைமுகம். வெளியே போய், நேரத்தையும் வெளிச்சத்தையும் பார்த்து எழுது என்று மோனேவுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார்? அதே பூதேன். ஆனால் அவர் இதையெல்லாம் சொல்லிப் பெருமை தேடவில்லை. அந்தக் குழுவின் பிந்திய கண்காட்சிகளில் அவர் சேரவும் இல்லை. தம் வழியிலே தாம் போய்க்கொண்டிருந்தார்.

காலம் தாழ்ந்து வந்த பரிசு

1881-இல்தான் காற்றுத் திரும்பியது. அந்த ஆண்டு சலோன் கண்காட்சியில் அவருக்கு மூன்றாம் நிலைப் பதக்கம் கிடைத்தது. வயது 56! அதே சமயம் துரான் ருவெல் என்ற பெரிய ஓவிய வியாபாரி அவருடைய படங்களை மொத்தமாக வாங்க முன்வந்தார். 1883-இல் சுமார் 150 படங்களைக் கொண்டு அவருக்கென்றே தனிக் கண்காட்சி நடத்தினார். அதன் பிறகு அடுத்த வேளைச் சோற்றுக்குக் கவலை இல்லை. தோவில் கடற்கரையில் சொந்தமாக ஒரு வீடும் கட்டிக்கொண்டார்.

1889-இல் பாரிஸில் உலகப் பொருட்காட்சி நடந்தது. ஐபெல் கோபுரம் எழுந்தது அந்தப் பொருட்காட்சிக்குத்தான். அதில் பூதேனுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். ஆனால் பொருட்காட்சி திறப்பதற்கு முன்னாலேயே, அந்த ஆண்டு மார்ச் மாதம், அவர் மனைவி காலமாகிவிட்டார். 26 ஆண்டுகள் இல்லாமையிலும் கூட இருந்த அந்த அம்மாள் தங்கப் பதக்கத்தைப் பார்க்கவில்லை. 1892-இல் பிரெஞ்சு அரசாங்கம் லெஜியன் ஆஃப் ஆனர் விருது அளித்தது. அதையும் தனியாளாகத்தான் வாங்கிக்கொண்டார்.

விருது வந்த பிறகும் வேலையை நிறுத்தவில்லை. உடம்பு தளர்ந்த காலத்திலும் வெனிஸ் நகருக்குப் போய், அங்கிருந்த தண்ணீரையும் வானத்தையும் தீட்டினார். 1898-இல் உடல்நலத்துக்காக பிரான்சின் தெற்கே வெப்பமான பகுதியில் தங்கியிருந்தார். முடிவு நெருங்குவது தெரிந்ததும் தம்மை தோவிலுக்கே கொண்டுபோகும்படி கேட்டார். தம் கடலையும் தம் வானத்தையும் பார்த்துக்கொண்டே 1898 ஆகஸ்டு 8-ஆம் நாள் கண்ணை மூடினார். வயது 74.

அந்த 1,200 பிராங்கின் பலன்

அவர் காலமான பிறகு அவருடைய தம்பி, பட்டறையில் இருந்த படங்களில் பெரும் தொகுதியை லெ ஹாவ்ர் நகர ஓவியக் காட்சிசாலைக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். 200-க்கும் மேற்பட்ட படங்கள். வானம் எழுதிய சின்னச் சின்னப் படங்கள், படகுகள், மாடுகள், துறைமுகம் எல்லாம் அதில் அடங்கும். உபகாரச் சம்பளம் வீண் என்று யாரெல்லாம் நினைத்தார்களோ, அவர்களுடைய ஊருக்கே அத்தனையும் வந்து சேர்ந்தது. பிறந்த ஊரான ஓன்ஃபிளேரில் அவர் நண்பரோடு சேர்ந்து 1868-இல் ஆரம்பித்துவைத்த காட்சிசாலை இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. இதற்கெல்லாம் மேலாக, அந்த உபகாரச் சம்பளத்தால் ஊன்றி நின்ற மனிதர் அதே நகரத்துச் சிறுவன் ஒருவனை மோனே ஆக்கினார். மோனே 86 வயது வரை வாழ்ந்து 1926-இல் காலமானார். உலகமே அவரைக் கொண்டாடிய முதுமைக் காலத்திலும், தாம் ஓவியர் ஆனதற்குக் காரணம் பூதேன்தான் என்று நன்றி மறவாமல் சொல்லிவந்தார்.

இன்னொன்றும் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில், 1944 செப்டம்பரில், லெ ஹாவ்ர் நகரத்தின் மேல் குண்டு மாரி பொழிந்தது. நகரின் நடுப்பகுதி தரைமட்டமாயிற்று. பூதேன் சட்டம் அடித்த தெருக்களும் நின்று படம் எழுதிய பழைய துறைமுகமும் அடியோடு மாறிப்போயின. அந்தத் துறைமுகம் எப்படி இருந்தது, அதன்மேல் எப்படி மேகம் போயிற்று, எந்த மாதிரி ஜனங்கள் அங்கே உழைத்தார்கள் என்பதை இன்று கண்ணால் பார்க்கவேண்டுமானால் அவருடைய படங்களிடம்தான் போகவேண்டும். யாரும் பெயர் எழுதிவைக்காத மீன்காரியும் கூலிக்காரனும் அந்த இரண்டு மூன்று வண்ணப் பொட்டுகளில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

தம்பி தங்கைகளே! இன்று பரிசு வாங்கியவர்களுக்கு வாழ்த்து. வாங்காதவர்கள் மனம் தளரவேண்டாம் என்று எல்லாரும் சொல்வார்கள், நாமும் சொல்கிறோம். ஆனால் சும்மா காத்திருந்தவருக்குப் பரிசு வந்ததாக இந்தக் கதையில் இல்லை. பதக்கம் 56 வயதில் வந்தது. வேலை 10 வயதிலிருந்தே நடந்தது. தேதி போட்டு, நேரம் போட்டு, காற்றின் திசை போட்டு ஒரு மனிதர் தினந்தோறும் பழகினார். உங்கள் நோட்டுப் புத்தகத்திலும் அந்தப் பழக்கம் வரட்டும்.

பெற்றோர்களே! படம் போடும் பிள்ளையை உடனே வேலையை விட்டுவிட்டு ஓவியராகச் சொல்லுங்கள் என்று நாம் கேட்கவில்லை. அந்தப் பாதையில் பட்டினியும் உண்டு என்பதை மறைக்காமல்தான் சொல்லியிருக்கிறோம். பிள்ளை காகிதத்தில் எதையோ கிறுக்கும்போது பிடுங்கி எறியாமல் ஒரு நிமிஷம் பாருங்கள், அது போதும். கல்வி நிதிக்கு வியர்வைக் காசில் ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி கொடுக்கிற தோட்டத் தொழிலாளத் தோழர்களே! கொடுத்தது எங்கே போயிற்று என்று சீக்கிரம் கணக்குப் பார்த்துவிடாதீர்கள். லெ ஹாவ்ர் நகரம் 1851-இல் கொடுத்த காசு மோனேயாக விளைந்து நின்றதை அன்றைக்குக் கொடுத்தவர்களில் பலர் பார்த்திருக்கமாட்டார்கள். ஆனாலும் அது விளைந்தது.

நாளைக் காலையில் பள்ளிக்கூடம் வரும் வழியில் ஒரு தடவை மேலே பாருங்கள். பால்மரத்துக்கும் செம்பனைக்கும் மேலே ஒரு வானம் இருக்கிறது. காசு கேட்காமல் தினமும் ஒரு புதுப் பாடம் நடத்துகிறது. அந்தக் கப்பல்காரர் மகனும் அங்கேதான் படித்தார்.